செலினின் கட்டில்களும் என் இரண்டு கடிதங்களும்

நம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டனுப்பிய முதல் கேள்வி, "ஆய்வுக்கு அதிகாரி வரும்போது கட்சிக்காரர் என்ன பேச வேண்டும் என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்பது. ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளை மறக்காமல் கேட்டீர்களே, அதற்கு நன்றி. பதில் உங்களுக்குப் பிடிக்காது. சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒரு வார்த்தை கூடச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆய்வு நடக்கும் இடத்தில் நிற்பதையே தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆயிற்று, ஒரு வேலையும் போயிற்று. அதனால் கொஞ்சம் காரமாகத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தொழில் என்ன என்பதை உங்களுக்கு யாராவது நேராகச் சொன்னார்களா? சின்னப் பட்டறை வைத்திருப்பவர் அரசாங்கத்துக்குச் சரக்கு விற்க வேண்டுமானால் சான்று வேண்டும். சான்று இருந்தால் டெண்டருக்கு முன்பணம் கட்டத் தேவையில்லை. பெண் நடத்தும் தொழில் என்று சான்று வாங்கினால் அதற்கென்று தனிப் பங்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சான்றுக்கான காகிதங்களைச் சேர்த்துக் கொடுப்பது நாம். நேரில் வந்து மெஷின் இருக்கிறதா, வேலை நடக்கிறதா, முதலாளி என்று கையெழுத்துப் போட்டவர் உண்மையிலேயே முதலாளிதானா என்று பார்ப்பது அதிகாரி.

நான் வேலை கற்றுக்கொண்டது புதுச்சேரி டவுனில் ஒரு மாடி அலுவலகத்தில். அங்கே எங்கள் சார் என்று ஒருவர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கோப்பைக் கோப்பு என்று சொல்ல மாட்டார், ஃபைல் என்றும் சொல்ல மாட்டார், "தொசியே" என்பார். டெண்டர் நிபந்தனைகளை அவர் படிப்பதைப் பார்க்க வேண்டும். நாற்பது பக்கத்தைப் புரட்டிவிட்டு, நமக்குக் குழி எந்தப் பக்கத்தில் வெட்டியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். எனக்குத் தெரிந்த தொழிலில் முக்கால்வாசி அவர் போட்ட பிச்சை. மீதிக் கால்வாசியை அவரை எதிர்த்துத்தான் கற்றேன்.

ஆய்வைப் பற்றி அவர் வைத்திருந்த ஒரே விதி இது: "இன்ஸ்பெக்‌ஷன்னா டிராமாம்மா. யார் எங்க உக்காரணும், யார் வாயத் தொறக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும்."

இப்போது செலின். மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால் அவள் பட்டறை. ஆஸ்பத்திரிக் கட்டில் செய்வாள். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் மட்டும் எழும்புமே, அந்தக் கட்டில். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடியபின் வெல்டிங் பட்டறை போட்டார், இவள் அவரிடம் கற்றுக்கொண்டாள். அவர் போனபின் பட்டறையைப் பெரிதாக்கியது இவள். ஒன்பது பேர் வேலை செய்தார்கள். கணவருக்கு பிரெஞ்சுக் குடியுரிமை, அங்கேதான் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவார். "ஏன் இந்த இரும்போட மல்லுக்கட்டற, கெளம்பி வந்துடு" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார். இவள் போகவில்லை. பாரிசில் உட்கார வேண்டியவள் மூலக்குளத்தில் பைப் வளைக்கிறாளே என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் கட்டில்கள் பல வருடமாக அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவள் பெயரில் அல்ல. டவுனில் ஒரு வியாபாரி இருந்தார். அவர் மனைவியின் பெயரில் பெண் நடத்தும் தொழில் என்ற சான்று. அவர் டெண்டர் எடுப்பார், செலின் கட்டில் செய்வாள், வண்டி ஏற்றுவதற்கு முன் அவருடைய ஆள் வந்து அவர் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவான். அந்த மனைவிக்குச் சான்று வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். கேள்வியும் பதிலுமாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மூன்று நாள் உட்கார வைத்து ஒப்பிக்க வைத்தேன். ஆய்வன்று வியாபாரியின் ஷெட்டில் அந்த அம்மா ஒரு பதிலில் கூடத் தடுமாறவில்லை. சார் என்னைப் பாராட்டினார். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒருநாள் செலின் எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள்.

"எம் பேர்ல சான்று வேணும் மேடம். அடுத்த ஆஸ்பத்திரி டெண்டர்ல நானே போடணும். எவ்ளோ நாளைக்கு ஊரான் ஸ்டிக்கர ஒட்டறது?"

காகிதமெல்லாம் பக்காவாக இருந்தது. மின் இணைப்பு அவள் பெயரில், மெஷின் ரசீதுகள் அவள் பெயரில், ஆட்களின் சம்பளப் பதிவேடு அவள் கையெழுத்தில். இப்படி ஒரு சுத்தமான தொசியேயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆய்வுக்கு நாள் குறித்தார்கள். அங்கேதான் நான் கோட்டைவிட்டேன்.

வரப்போகிற அதிகாரி பெண்களிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு. "யாராவது ஆம்பளை ஒருத்தர உக்கார வைம்மா, பேச்சு சுளுவா முடிஞ்சிடும்" என்றார் சார். எனக்கும் சரியென்றே பட்டது. செலினுக்கு ஒரு தம்பி. பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்தான். நல்ல பையன், பேச்சில் கெட்டிக்காரன், அக்காவுக்காக உயிரை விடுவான். கட்டிலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதில் படுக்கலாம் என்பது மட்டும். அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். செலினைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். கையில் தீப்பொறி பட்ட தழும்பெல்லாம் தெரியக் கூடாது என்று நீளக்கை ரவிக்கை போடச் சொன்னேன். ஆமாம், நானேதான் சொன்னேன். ஒரு பெண்ணாக இருந்துகொண்டு இன்னொரு பெண்ணிடம் சொன்னேன்.

அதிகாரி வந்தார். நாற்காலியைத் தம்பியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். செலின் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் ஏற்பாடு செய்த நாடகம் அச்சுப்பிசகாமல் நடந்தது.

"உற்பத்தி யார் பார்க்கிறது?"

"நாங்கதான் சார் பாத்துக்கறோம்."

"ஓனர்?"

"அக்கா பேர்ல இருக்கு சார். மத்ததெல்லாம் நாம பாத்துக்கலாம். நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க."

நம் ஊரில் வீட்டுக்கு வந்த பெரிய மனிதரிடம் எந்தத் தம்பியும் இப்படித்தான் பேசுவான். அக்காவுக்குத் துணையாக நிற்கிறேன் என்று அவன் சொன்னான். அக்கா வெறும் பெயருக்கு இருக்கிறாள் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பேனா ஓடுவதை நான் பார்த்தேன். அந்த நேரத்திலாவது "சார், இவரை நான்தான் உட்கார வைத்தேன், கட்டில் செய்கிறவர் செலின்" என்று சொல்லியிருக்கலாம். செலின் காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. தொழிலை நடத்துவது விண்ணப்பதாரரின் சகோதரர் என்று தெரிய வருவதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம். செலின் அதை எங்கள் அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தாள். அழவில்லை. என்னைத் திட்டியிருந்தால் கூடத் தேவலை.

"எம் பட்டறை என்னுதில்லன்னு எழுதியிருக்காங்க மேடம். நீங்க சொன்னதத்தான செஞ்சோம்?"

தம்பியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்பலாம் என்று சார் யோசனை சொன்னார். அதுவும் சரிப்படாவிட்டால் விட்டுவிடலாம் என்றார். "அந்தம்மாவுக்கு வேலை போகப்போறதில்லையே, வியாபாரி ஆர்டர் கொடுக்கத்தான் போறார்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு தோற்ற தொசியே. எனக்கு அப்படிப் படவில்லை. ஒப்பித்தவளுக்குச் சான்று, உழைத்தவளுக்கு நிராகரிப்பு, இரண்டும் என் கைவண்ணம். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

பிரமாணப் பத்திரம் எழுதவில்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். ஆய்வன்று விண்ணப்பதாரரைப் பேச விடாமல் அவர் தம்பியை முன்னால் உட்கார வைத்தது ஆலோசகரான நான், அது என் தவறு, அதற்கு அவர் பொறுப்பல்ல என்று எழுதினேன். சொல்லாமல் கொள்ளாமல் எந்த வேலை நாளிலும் நீங்கள் வரலாம், அன்று அங்கே நானும் இருக்க மாட்டேன், தம்பியும் இருக்க மாட்டார் என்று முடித்தேன். சாரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத அனுப்பினா நாம ஆய்வுல நாடகம் போடறோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. இனிமே நம்ம தொசியே ஒண்ணயும் நம்ப மாட்டான்."

"நாடகம் போட்டோம்ல சார்?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் போட்டேன். இருபது வருடத்தில் அலுவலகத்தின் பெயரில்லாமல் என் சொந்தப் பெயரில் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்தபடி அந்தப் பக்கமே போகவில்லை. செலின் சொல்லித்தான் தெரியும். மூன்று வாரம் கழித்து, காலை பதினொரு மணிக்கு அதிகாரி தனியாக பைக்கில் வந்து இறங்கியிருக்கிறார். வாசலில் இருந்த ஆளிடம் ஓனர் எங்கே என்று கேட்டிருக்கிறார். அவன் ஒரு கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டியிருக்கிறான். அங்கே முகமூடியோடு மல்லாந்து படுத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தவள் யாரோ கம்பி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, "செத்த இருங்க, இந்த மூலைய முடிச்சுட்டு வரேன்" என்று அவரைக் கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டாள்.

பிறகு அவர் கேள்வி கேட்கக் கேட்க, இவள் பதிலாகப் பைப்பையே அறுத்துக் காட்டியிருக்கிறாள். கட்டில் எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டதற்கு, "படுங்க சார்" என்றாளாம். அவர் தயங்க, "பேஷண்டு படுக்கறதுதான, படுங்க" என்று படுக்க வைத்து, வேலையாட்களில் இரண்டு பேரை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தைத் தூக்கியிருக்கிறாள். பாதி உட்கார்ந்த நிலையிலேயே அவர் கேட்டாராம்:

"அன்னிக்கு ஏம்மா ஒரு வார்த்தை பேசல?"

"நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே சார்."

அந்த மனிதர் இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டு, எழுத ஆரம்பித்தாராம். சான்று வந்தது. ஆனால் ஆஸ்பத்திரி டெண்டர் முடிந்த ஐந்தாவது நாள் வந்தது. டெண்டரை எடுத்தது வியாபாரி.

வழக்கம்போல அவர் செலினிடம் போனார், நாற்பது கட்டில் என்றார். அவள் முடியாது என்றாள். கூலி கூட்டித் தருகிறேன் என்றார். அதற்கும் முடியாது என்றாள். அவளுக்கு வேறு பெரிய ஆர்டர் எதுவும் இல்லை, ஒன்பது பேரையும் சும்மா உட்கார வைத்திருந்தாள் என்பதை மறந்துவிடாதீர்கள். வியாபாரி எங்கள் சாருக்கு போன் போட்டார். அவரும் எங்கள் கட்சிக்காரர்தானே. சார் என்னை அழைத்து, "நீ சொன்னா கேப்பா. போய்ப் பேசிப் பாரு" என்றார்.

போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பழக்கம் விடுமா? பட்டறையில் மெஷின் எதுவும் ஓடவில்லை. செலின் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"அவங்க அனுப்பி வந்தீங்களா மேடம்? அப்படின்னா தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க. நீங்களா வந்தீங்கன்னா ஒண்ணு சொல்றேன்."

"சொல்லு."

"அந்தாளு பொண்டாட்டிக்கு சான்று வாங்கினீங்களே, அன்னிக்கு அந்த ஷெட்டுல ரெண்டு வெல்டிங் மெஷினு காட்டினாங்க இல்ல? அது ரெண்டும் என்னுது. ஒருநாள் வேணும்னு கேட்டாரு. ஆர்டர் கொடுக்கறவர் ஆச்சேன்னு வண்டியில ஏத்தி விட்டேன். சாயந்திரம் திருப்பி அனுப்பிட்டாரு. தப்புதான். நான் செஞ்ச தப்பு. நான் சொல்லிட்டேன். நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

எனக்கு இது புதுச் செய்தி என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அந்த ஷெட்டில் தரையில் ஒரு பொறி பட்ட கறுப்பு கூட இல்லாததை அன்றே பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

நேராக அலுவலகத்துக்கு வந்தேன். விண்ணப்பத்தில் ஒவ்வொரு மெஷினின் வரிசை எண்ணையும் எழுத வேண்டும், உங்களுக்குத் தெரியும். வியாபாரியின் மனைவி ஃபைலையும் செலின் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். இரண்டு பட்டியலிலும் அதே இரண்டு எண்கள். இரண்டு பட்டியலையும் டைப் செய்தது நான். ஐந்தாறு வருட இடைவெளியில் ஒரே எண்ணை என் விரலாலேயே அடித்திருக்கிறேன், கண் அதைப் பார்க்கவில்லை.

இரண்டாவது கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பட்டியலிலும் எண்கள் ஒன்றாக இருக்கின்றன, சரிபாருங்கள். அந்த விண்ணப்பதாரருக்குப் பதில்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தது நான். மெஷினைக் கடன் கொடுத்ததை செலினும் ஒப்புக்கொள்கிறார். மூன்றே வாக்கியம். சார் பின்னால் வந்து நின்று படித்தார்.

"நம்ம கட்சிக்காரர் மேல நாமளே எழுதினா நாளைக்கு இந்தப் படியில எவன் ஏறுவான்?"

"செலின் மாதிரி ஆளுங்க ஏறுவாங்க சார்."

"அவங்க எத்தன பேரும்மா இருப்பாங்க?"

"தெரியல சார். இதுவரைக்கும் நாம எண்ணிப் பாக்கலையே."

அவர் கத்தவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார். என் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து என் கையில் கொடுத்து, "இது உன்னுது" என்றார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், ஆனால் கடிதத்தைக் கிழிக்கவில்லை. போகிற வழியில் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அன்றைக்கு என்னைப் பைத்தியக்காரி என்று சொன்னவர்கள் எல்லோரும் இன்றைக்கும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். சொன்னதை அவர்களும் திருப்பிக்கொள்ளவில்லை, எழுதியதை நானும் திருப்பிக்கொள்ளவில்லை.

ஷெட்டைப் பார்க்க அதிகாரி போனபோது பூட்டு தொங்கியது. மின் இணைப்பே இல்லை. வியாபாரியின் மனைவி பெயரிலிருந்த சான்று ரத்தாயிற்று, டெண்டரும் ரத்தாகி மறுபடி அழைத்தார்கள். செலினையும் சும்மா விடவில்லை. மெஷினைக் கடன் கொடுத்ததற்கு விளக்கம் கேட்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிப் படித்து, ஒப்புக்கொண்டு பதில் எழுதினாள். அதையும் அவளே எழுதினாள், என்னிடம் காட்டக் கூட இல்லை. மறு டெண்டரை அவள் பெயரில் போட்டாள். எடுத்தாள்.

நாற்பது கட்டிலும் ஆஸ்பத்திரி ஸ்டோருக்குப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். அப்போது எனக்கு அலுவலகம் கிடையாது, வீட்டுக் கூடத்தில் ஒரு மேஜை போட்டிருந்தேன், செலின்தான் என் முதல் கட்சிக்காரர். இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகம் அந்த மேஜையிலிருந்து வந்ததுதான். ஸ்டோர்கீப்பர் ஒவ்வொரு கட்டிலாகச் சுற்றி வந்தார். பிறகு என்னிடம் டெண்டர் நகலை நீட்டி ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். செய்தவர் பெயர் ஒவ்வொரு கட்டிலிலும் தெரியும்படி இருக்க வேண்டும்.

நான் செலினைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருடமும் பெயர் ஒட்டுவது வேறு யாரோ வந்து செய்கிற வேலையாக இருந்ததால், நாற்பது கட்டில் செய்தவளுக்கும் அது நினைவில் வரவில்லை, நிபந்தனைகளை வரி வரியாகப் படித்த எனக்கும் வரவில்லை.

ஸ்டோர்கீப்பர் நல்ல மனிதர். "பரவால்லம்மா, இறக்கி வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு ஸ்டிக்கர் அடிச்சு எடுத்தாந்து ஒட்டிக்கலாம்" என்றார்.

"ஸ்டிக்கரு உரிஞ்சிடும் சார்" என்றாள் செலின்.

வண்டியிலிருந்த கருவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். அதிலிருந்து எழுத்துப் பஞ்ச் செட்டை எடுத்தாள். விரல் நீள எஃகுத் துண்டுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு எழுத்து, சுத்தியால் அடித்தால் இரும்பில் பதிந்துவிடும். முதல் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கம்பெனிப் பெயரை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். தன் பெயரின் முதல் எழுத்தை வைத்து அடித்தாள். புதுப் பெயின்ட் தெறித்து உள்ளே வெள்ளையாக இரும்பு தெரிந்தது.

"நாப்பதுக்கும் இப்பவே அடிக்கப் போறியாம்மா?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"ஆமா சார். மேடம், ஆடுது, அந்தப் பக்கம் அழுத்திப் பிடிங்க."

நான் புடவையைச் செருகிக்கொண்டு கட்டிலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.